ட்ரோன் படம் காட்டும் 60 சென்ரிமீற்றர்: வேலியைப் பிடுங்க வேண்டுமா?

கேள்வி: நிலாவெளியில் எங்களுக்கு 1 றூட் காணி. அம்மம்மாவின் உறுதியும் 1974ஆம் ஆண்டு நில அளவைப் படமும் கையில் உண்டு. 2011இல் மீளக் குடியேறியபோது பழைய கதியால்கள் நின்ற வரிசையிலேயே வேலி அடைத்தோம். பக்கத்துக் காணியை இப்போது வாங்கியவர் விடுதி கட்டப் போகிறார். ட்ரோன் விட்டுப் படமெடுத்து, அதன்மேல் சிவப்புக் கோடு போட்டு, "உங்கள் வேலி 60 சென்ரிமீற்றர் என் காணிக்குள் நிற்கிறது, படம் 2 சென்ரிமீற்றர் துல்லியம்" என்கிறார். கையெழுத்து வைக்கச் சொல்லி ஒரு தாளும் தந்திருக்கிறார்.

பதில்: அந்தத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள், வேலியையும் தொடாதீர்கள். எல்லை பிழை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக அது நாளை நீதிமன்றத்தில் வந்து நிற்கும்.

அந்த 2 சென்ரிமீற்றர், படத்தின் ஒரு புள்ளி நிலத்தில் பிடிக்கும் அளவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். படம் எவ்வளவு தெளிவு என்பதற்கான எண் அது. அந்தப் புள்ளி பூமியில் சரியான இடத்தில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. சாதாரண ட்ரோனின் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பிச் செய்தால் முழுப் படமும் ஓரிரண்டு மீற்றர் நகர்ந்திருக்கலாம். பார்க்க அழகாகவே இருக்கும். நிலத்தில் அடையாளங்கள் வைத்து, அவற்றைத் துல்லியமான கருவியால் அளந்து, படத்தை அவற்றோடு பொருத்த வேண்டும். அப்புறம், பொருத்துவதற்குப் பயன்படுத்தாத வேறு சில புள்ளிகளை அளந்து, பிழை எவ்வளவு என்று காட்ட வேண்டும். அந்தச் சரிபார்ப்பு அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். அது இல்லாவிட்டால் 60 சென்ரிமீற்றர் என்ற பேச்சுக்கு அடிப்படையே இல்லை.

இதைவிட முக்கியமானது அந்தச் சிவப்புக் கோடு. அதை ட்ரோன் போடவில்லை, ஒரு ஆள் போட்டார். 1974 படத்தில் தூரங்களும் கோணங்களும் இருக்கும், ஜிபிஎஸ் ஆள்கூறு இருக்காது. அதைப் புதுப் படத்தில் பொருத்த, பழைய எல்லைக்கல்லோ கிணறோ தரையில் கண்டுபிடிக்கப்பட வேண்டும். பூவரசும் தென்னையும் கவிந்த வேலியடியில் கல் இருந்தால் மேலிருந்து எடுக்கும் படத்தில் அது தெரியவே தெரியாது.

எனவே உங்கள் செலவில் ஒரு நில அளவையாளரைப் பிடியுங்கள். 2002இன் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்றவரா, இந்த வருட அனுமதிப்பத்திரம் உண்டா என்று பாருங்கள். பழைய படத்தை அவரிடம் கொடுத்துக் கற்களைத் தேடச் சொல்லுங்கள். அவரும் ட்ரோன் பயன்படுத்தலாம், அதில் குற்றமில்லை. வழக்கானால் மாவட்ட நீதிமன்றமே அளவையாளருக்கு ஆணை அனுப்பி அளக்க வைக்கும். அளக்கும் இடத்துக்கு இரு தரப்பும் போய்த் தங்கள் எல்லையைக் காட்டலாம்.

சீனக்குடா விமான நிலையமும் கடற்படைத் தளமும் உள்ள திருகோணமலைப் பகுதியில் அனுமதியின்றி ட்ரோன் விட்டிருந்தால், அது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்குப் போக வேண்டிய முறைப்பாடு. எல்லை வழக்கை அதைக்கொண்டு வெல்ல முடியாது.

சரி, முறையாக அளந்தும் 60 சென்ரிமீற்றர் உண்மையென்றே வந்தால்? 30 மீற்றர் வேலிக்கு அது 18 சதுரமீற்றர், முக்கால் பேர்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. அப்போதும் கதை முடியவில்லை. அந்தத் துண்டை 10 வருடத்துக்கு மேல், இடையூறில்லாமல், எவருடைய உரிமையையும் ஏற்காமல் ஆண்டிருந்தால், ஆட்சியுரிமை கோரலாம். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது: பழைய புகைப்படம், வேலி அடைத்தவரின் சாட்சியம் எல்லாம் உதவும். இப்போது கையெழுத்து வைத்தால் இந்த வாதமும் பலவீனமாகும்.

வேலியைப் பலாத்காரமாகப் பிடுங்கினால் அன்றே பொலிசில் முறைப்பாடு போடுங்கள். 1979இன் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி விடயம் நீதிமன்றத்துக்குப் போகலாம். வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் அங்கே போனால்தான் அந்தத் துண்டில் உங்கள் இருப்பை மீட்டுத் தரக் கேட்க முடியும்.