இடப்பக்கம் கீழே விழும் பெல்லட்டுகள்

கேள்வி: 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். வலக்கைப் பழக்கம். ஒன்பதும் பத்துமாக விழுந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று இடப்பக்கம் கீழே ஒரு ஏழு. ரியர் சைட்டை (குறிபார்க்கும் பின்பக்கப் பிளவை) திருப்பிவிடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். பத்துக் குண்டும் நெருக்கமாக அங்கேயே விழுந்தால்தான் சைட்டைத் தொட வேண்டும். இடையிடையே ஒன்று ஓடினால் அது கையின் வேலை. டிரிகரை இழுக்கும் கணத்தில் மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன. முனை கீழே இறங்கி இடப்பக்கம் போகிறது.

பிஸ்டலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவட்டையில் எவ்வளவு மேலே ஏறுமோ அவ்வளவு ஏற்றிப் பிடியுங்கள். நடுவிரலும் மோதிர விரலும் நேர் பின்னோக்கி உள்ளங்கைக்குள் அழுத்தட்டும். சுண்டுவிரல் சும்மா இருக்கட்டும், கட்டைவிரலும் அப்படியே. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுப் பகுதி க்ரிப்பின் (கைப்பிடியின்) மரத்தில் உரசவே கூடாது. உரசினால் விரல் நகரும்போதெல்லாம் பிஸ்டலையும் தள்ளும். உரசுகிற இடத்தில் மரத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். குழி விழுந்த இடத்தை மரப் புட்டியால் நிரப்பலாம். கீழே உள்ள தாங்கு பலகை கையைத் தொட்டால் போதும், நெரிக்கக் கூடாது.

சோதனை சுலபம். கண்ணை மூடிக் கையை உயர்த்திவிட்டுத் திறந்து பாருங்கள். ரியர் சைட் பிளவின் நடுவில், முனையிலுள்ள ஃப்ரண்ட் சைட் நிற்காமல் ஒருபக்கம் ஒதுங்கினால், க்ரிப் உங்கள் கைக்கு இன்னும் பொருந்தவில்லை.

கேள்வி: கை ஆடுவதை நிறுத்த முடியவில்லையே?
– வாசகி, திருச்சி

பதில்: யாருக்கும் நிற்பதில்லை. இரண்டு சைட்டுக்கும் இடைவெளி சுமார் 33 செ.மீ. என்று வையுங்கள். பிளவுக்குள் ஃப்ரண்ட் சைட் அரை மில்லிமீட்டர் விலகினால் டார்கெட்டில் 15 மி.மீ. தள்ளி விழும்; ஏறக்குறைய இரண்டு வளையம் போச்சு. சைட்டுகள் ஒழுங்காக இருந்து, பிஸ்டல் மொத்தமாக 5 மி.மீ. நகர்ந்தால் விலகலும் அதே 5 மி.மீ.தான். ஆகவே பார்வை ஃப்ரண்ட் சைட்டின் மேல் விளிம்பில் இருக்கட்டும், கறுப்பு வட்டம் மங்கலாகவே தெரியட்டும். ஆட்டம் நிற்கும் நொடிக்குக் காத்திருந்து 'இப்போ!' என்று வெடுக்கென இழுப்பவர்களுக்குத்தான் மேலே சொன்ன ஏழு விழும்.

உயர்த்திய கையைக் குறிக்கு இறக்கும்போதே டிரிகரின் முதல் கட்டத்தை (வெடிக்கும் முன் லேசாக நகரும் பகுதியை) எடுத்துவிடுங்கள். கறுப்புக்குக் கீழே வந்து நின்றதும், விரல் நுனிச் சதையால் நேர் பின்னோக்கி, நிற்காமல் அழுத்தத்தைக் கூட்டுங்கள். பத்து நொடி ஆகியும் வெடிக்காவிட்டால் கையை இறக்கிவிடுங்கள், பிடிவாதம் வேண்டாம். வெடித்த பிறகும் ஒரு நொடி சைட்டைப் பார்த்தபடியே நில்லுங்கள்.

கேள்வி: டிரிகர் எடையைக் குறைத்தால் பலன் உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஏர் பிஸ்டலுக்குச் சர்வதேச விதிப்படி குறைந்தது 500 கிராம். சோதனையில் டிரிகரில் மாட்டும் அந்த எடையைப் பிஸ்டல் வெடிக்காமல் தூக்காவிட்டால் சிக்கல். சற்றுக் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். எடையைவிட டிரை ஃபயர் (பெல்லட் இல்லாமல் டிரிகரை அழுத்தும் பயிற்சி) அதிகம் உதவும். பெல்லட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வெறும் வெள்ளைத் தாளைப் பார்த்து அழுத்துங்கள். டிரிகர் விடுபடும்போது ஃப்ரண்ட் சைட் அசைகிறதா என்பது மட்டுமே கணக்கு. குறி எதுவும் இல்லாததால் வெடுக்கென இழுக்கும் ஆசையும் வராது.