கூகுளில் என் தையல் கடை ஏன் வருவதில்லை?

வெள்ளவத்தையில் தையல் கடை, இணையத்தளமும் உண்டு, ஆனால் கூகுளில் தேடினால் வருவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பக்கத்தின் தலைப்பைப் பாருங்கள். வெறுமனே 'முகப்பு' என்றிருந்தால் கூகுளுக்கு என்ன விளங்கும்? 'சாரி பிளவுஸ் தையல், வெள்ளவத்தை, கொழும்பு 06' என்று மாற்றுங்கள். சனம் தேடுவது அந்தச் சொற்களைத்தான். விலை, எத்தனை நாளில் தைத்துத் தருவீர்கள் என்பதையெல்லாம் படமாகப் போடாமல் எழுத்தாகவே போடுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலத்துக்குத் தனித்தனிப் பக்கங்கள் வேண்டும்.

கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுளில் உங்கள் கடைக்கான விபரப் பக்கம், இலவசம், இன்றே பதியுங்கள். காலி வீதியில் நின்று போனில் தேடுபவருக்கு மெப்பில் உங்கள் கடையைக் காட்டுவது அதுதான். முகவரியும் தொலைபேசி இலக்கமும் இணையத்தளத்திலும் புரொஃபைலிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். காசு தந்தால் முதலிடம் நிச்சயம் என்பவர்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள். அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது.