முகம் திருப்பியவர்

வணக்கம் ஐயா,

சென்ற மாதம் நீங்கள் எழுதிய குறிப்பில் ‘தோற்றத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவன் தன் எடையைத்தான் சொல்கிறான்’ என்று ஒரு வரி இருந்தது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மையா?

நான் இருபது வருடங்களுக்கு மேலாக ஆட்களை வேலைக்கு எடுக்கும் பொறுப்பில் இருப்பவன். ஒருவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும் விதம், உட்காரும் விதம், சட்டைக் காலர், கண் பார்க்கும் திசை, இவ்வளவு போதும் எனக்கு. பத்துக்கு எட்டு சரியாகத்தான் இருந்திருக்கிறது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்? ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல்’ என்று வள்ளுவரும் சொல்கிறாரே?

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் வீட்டில் நடந்த ஒரு சண்டை. மகளின் தோழி வந்திருந்தாள். கழுத்தில் பச்சை குத்தியிருந்தாள், தலைமுடியில் பாதி நீலம். அவள் போன பிறகு, ‘இந்தப் பெண்ணோடு பழக்கம் வேண்டாம், சரியாகப் படவில்லை’ என்றேன். ‘நீங்க அவகிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசலையேப்பா’ என்று சொல்லிவிட்டு எழுந்து போன மகள் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. அனுபவத்தில் பழகிய கண்ணை நம்புவது அவ்வளவு பெரிய குற்றமா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எழுதும்போதே கொஞ்சம் பளபளப்பாகத்தான் தெரிந்தது, வெட்ட மனம் வரவில்லை. அதோடு அது பொய்யும்கூட. ஆளைப் பார்த்ததும் எடைபோடாத மனிதர் யாரும் கிடையாது. 2006-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜனின் வில்லிஸும் அலெக்ஸாண்டர் டோடோரோவும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களின் முகப்படத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவர் நம்பத் தகுந்தவரா, திறமையானவரா, விரும்பத் தக்கவரா என்று கேட்டார்கள். நேரக் கட்டுப்பாடே இல்லாமல் பார்த்தவர்கள் சொன்ன பதிலுக்கு மிக நெருக்கமான பதிலை அந்தக் கண்சிமிட்டும் நேரத்திலேயே மற்றவர்களும் சொல்லிவிட்டார்கள். ஆகவே அது நடந்தே தீரும். உங்களுக்கும் எனக்கும் நடக்கும். உங்கள் மகளுக்கும் நடக்கும்.

ஆனால் அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. படத்தைக் கூடுதல் நேரம் காட்டியபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. தன் தீர்ப்பின் மேல் பார்த்தவருக்கு இருந்த நம்பிக்கைதான் ஏறியது. நாம் ‘நன்றாகப் பார்த்துத்தான் சொல்கிறேன்’ என்போமே, அந்த நன்றாகப் பார்த்தலில் பெரும்பகுதி இதுதான் என்று எனக்குச் சந்தேகம். தீர்ப்பு முதலிலேயே வந்துவிட்டது, மீதி நேரமெல்லாம் அதற்கு முத்திரை குத்துகிறோம்.

இப்போது உங்கள் ‘பத்துக்கு எட்டு’க்கு வருகிறேன். எப்படி எண்ணினீர்கள்? நீங்கள் வேலைக்கு எடுத்தவர்களில் நன்றாக வந்தவர்களை எண்ணியிருப்பீர்கள். சரி. வேண்டாமென்று அனுப்பியவர்கள்? அவர்கள் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்கள், உங்கள் கணக்கைவிட்டும் போனார்கள். வேறெங்கோ போய் அருமையாக வேலை செய்திருந்தாலும், ‘ஐயா, அன்றைக்கு உங்கள் கண் தப்பிவிட்டது’ என்று உங்களுக்குத் தகவல் சொல்ல யாரும் வரப்போவதில்லை. எடுத்தவர்களில் சொதப்பியவர்களை எப்படிப் பதிவு செய்தீர்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். ‘நல்லாத்தான் இருந்தான், அப்புறம் கெட்டுப்போயிட்டான்’ என்போம். நம் கண் தப்பியது என்று சொல்வது அபூர்வம். தேர்வு எழுதுபவரும் நாமே, திருத்துபவரும் நாமே, தவறான விடைத்தாள்கள் மட்டும் மேசைக்கு வருவதே இல்லை. இதில் எண்பது மதிப்பெண் வாங்குவது பெரிய விஷயமில்லை.

1831-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு நேர்காணல் ஞாபகம் வருகிறது. பீகிள் என்ற ஆய்வுக் கப்பலின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், நீண்ட பயணத்தில் தன்னோடு வர இயற்கை ஆர்வமுள்ள ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். 22 வயது இளைஞர் ஒருவர் வந்தார். முகத்தின் அமைப்பைக் கொண்டு குணத்தைக் கண்டறியலாம் என்று சொன்ன சுவிட்சர்லாந்துக்காரர் லாவாட்டரின் கொள்கையில் ஃபிட்ஸ்ராய்க்குத் தீவிர நம்பிக்கை. வந்தவரின் மூக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. இப்படி மூக்கு உள்ளவனுக்கு இவ்வளவு தூரப் பயணத்துக்கு வேண்டிய ஊக்கமும் உறுதியும் இருக்காது என்று நினைத்தார். எப்படியோ மனதை மாற்றிக்கொண்டு சேர்த்துக்கொண்டார். பயணம் ஐந்து ஆண்டுகள் நீண்டது. இளைஞரின் பெயர் சார்லஸ் டார்வின். என் மூக்கு பொய் சொல்லிவிட்டது என்பதில் ஃபிட்ஸ்ராய் பிற்பாடு திருப்தியடைந்திருப்பார் என்று கிண்டலாகத் தன்வரலாற்றில் எழுதுகிறார் டார்வின்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக டார்வினைப் பார்ப்பார்கள். நான் ஃபிட்ஸ்ராயைப் பார்க்கச் சொல்கிறேன். மூக்கை நம்பி அவர் அன்று ‘போய் வா’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் தவறு செய்தார் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அவருக்கே தெரிந்திருக்காது. லாவாட்டர் சொன்னது சரி என்ற நம்பிக்கை ஒரு கீறலும் விழாமல் அவரோடு இருந்திருக்கும். அது பொய் என்று அவர் தெரிந்துகொள்ள ஒரே வழி, தன் கண் வேண்டாமென்ற ஆளைக் கப்பலில் ஏற்றுவதுதான்.

வள்ளுவரைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். அவரிடம் போவதென்றால் முழுதாகப் போவோம். நீங்கள் சொன்ன குறள் குறிப்பறிதல் அதிகாரத்தில் வருவது. ‘கடுத்தது காட்டும் முகம்’ என்கிறார், அதாவது நெஞ்சில் அந்த நேரத்தில் மிகுந்து நிற்பதை முகம் காட்டிக்கொடுக்கும். அடுத்த குறளே அதை விளக்குகிறது: ‘உவப்பினும் காயினும் தான்முந் துறும்’. மகிழ்ச்சி, கோபம். வந்து போகிறவை. எதிரே இருப்பவர் இப்போது எரிச்சலில் இருக்கிறாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லலாம், நானும் சொல்வேன். அவர் நேர்மையானவரா, மூன்று வருடம் நிலைத்து நிற்பாரா என்பதற்கு அந்தக் குறள் ஜாமீன் கொடுக்கவில்லை. உங்கள் வேலையான ஆளைத் தேர்ந்தெடுத்தலுக்கு அவர் வேறு அதிகாரம் வைத்திருக்கிறார், தெரிந்து தெளிதல். அங்கே முகம் பளிங்கு என்ற பேச்சே இல்லை. ‘பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்’ என்கிறார். உரைத்துப் பார்க்கும் கல் அவரவர் செய்யும் காரியம். (அச்சாணிக் குறளை நான் சொல்லவில்லை. அதை எல்லாரும் சொல்லி, தேரைவிட அச்சாணி தேய்ந்துவிட்டது.)

இதுவரை சொன்னது, கண் தப்பினால் நமக்குத் தெரியாமல் போகும் என்பது. இதைவிட மோசமான ஒன்று உண்டு. கண் தப்பாமல் போவது. என் சொந்தக் கதை, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் என் புத்தகங்களுக்குப் பிழை திருத்த ஒருவர் வந்தார். முதல் சந்திப்பு. நான் என் நடையைப் பற்றி, எங்கே கைவைக்கலாம், எங்கே கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். நான் பேச ஆரம்பித்ததும் மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சன்னலைப் பார்த்தபடி இருந்தார். நான் நிறுத்தினால் திரும்புவார், ஆரம்பித்தால் மறுபடி சன்னல். முகம் இறுக்கமாக வேறு இருந்தது. சரி, தலைக்கனம் பிடித்த ஆள், என் எழுத்தை மதிக்கவில்லை என்று பத்து நிமிடத்தில் முடிவு கட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவரிடம் ஒற்றை வரியில்தான் பேசினேன். அவரும் ஒற்றை வரியில் பதில் சொன்னார். சந்தேகங்களைக் கேட்பதை நிறுத்திவிட்டு, பக்க ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி மட்டும் போட்டு அனுப்பினார். நான்கு வருடம் இப்படியே ஓடியது. நான்கு வருடமும் என் கணிப்புக்குச் சான்று சேர்ந்துகொண்டே இருந்தது. பாருங்கள், நேரில் ஒரு வார்த்தை கேட்கிறாரா? சிரிக்கிறாரா?

ஒருநாள் அச்சக வாசலில் நின்றிருந்தபோது அவருக்கு இடப்புறம் வந்து ஏதோ கேட்டேன். பதில் இல்லை. கோபத்தோடு வலப்புறம் போய் நின்று கேட்டதும் திடுக்கிட்டு, ‘மன்னிக்கணும் சார், அந்தப் பக்கக் காது சின்ன வயசுலயே போச்சு’ என்றார். அந்த முதல் நாள் நான் அவருக்கு நேரெதிரே உட்கார்ந்திருந்தேன். கேட்கும் காதை என் பக்கம் கொண்டுவர அவர் தலையைத் திருப்பியிருக்கிறார். முகத்தில் இருந்த இறுக்கம், ஒரு சொல்லையும் தவறவிடக் கூடாதே என்ற கவனம். முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நான் நான்கு வருடம் கோபித்துக்கொண்டிருந்த மனிதர், எனக்குக் காது கொடுத்திருக்கிறார்.

நண்பரே, இதில் நான் வெட்கப்படுவது முதல் பத்து நிமிடத்துக்காக இல்லை. காது விஷயம் எனக்கு எப்படித் தெரியும்? வெட்கம் அந்த நான்கு வருடத்துக்கு. ஒற்றை வரி மனிதராக அவரை ஆக்கியது நான். நான் ஆக்கியதையே பார்த்து ‘அன்றைக்கே சொன்னேன்’ என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்தேன்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1977-இல் வெளிவந்த ஆய்வு, மார்க் ஸ்னைடரும் அவருடைய குழுவும் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் செய்தது. முன்பின் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் தொலைபேசியில் பத்து நிமிடம் பேச வேண்டும். பேச்சுக்கு முன் ஆணிடம், நீங்கள் பேசப்போகும் பெண் இவர்தான் என்று ஒரு படத்தைக் கொடுத்தார்கள். படத்தில் இருந்தவர் வேறு யாரோ. சிலருக்கு அழகான பெண்ணின் படம், சிலருக்கு அப்படியில்லாத படம். மறுமுனையில் இருந்த பெண்களுக்குப் படம் இருப்பதே தெரியாது. பிறகு பெண்களின் குரலை மட்டும் தனியே பிரித்து, எதுவும் தெரியாத வேறு சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். அழகி என்று நம்பப்பட்ட பெண்கள் நிஜமாகவே கூடுதல் கலகலப்பாக, கனிவாகப் பேசியதாகக் கேட்டவர்கள் சொன்னார்கள். ஆணின் மனதில் இருந்த படம் கம்பி வழியே போய் அந்தப் பெண்ணின் குரலாகித் திரும்பி வந்திருக்கிறது. அந்த ஆண்கள் ஒவ்வொருவரும், என் கணிப்பு சரி என்றுதான் தொலைபேசியை வைத்திருப்பார்கள். சரியாகவும் இருந்தது, அதுதான் கொடுமை.

இதையெல்லாம் உங்கள் நேர்காணல் அறையில் வைத்துப் பாருங்கள். காலர் கசங்கியவரிடம் நீங்கள் கேட்கும் கேள்வி, அவர் பதில் சொல்லும்போது உங்கள் கை பேனாவோடு விளையாடுவது, இவை எல்லாம் அவருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் கண் இல்லையா என்ன? பதற்றத்தில் உளறுவார். நீங்கள் குறித்துக்கொள்வீர்கள்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. இரவில் ஆளில்லாத சாலையில் பின்னால் வருபவரைக் கண்டு பயந்து மறுபக்கம் போகிறவரிடம் நான் இந்த வகுப்பை எடுக்க மாட்டேன். அங்கே யோசிக்க நேரமில்லை, தவறாகப் பயந்தால் நஷ்டமும் அதிகமில்லை. உங்களுக்கு நேரம் இருக்கிறது. நஷ்டம் முழுக்க எதிரே இருப்பவருடையது.

அதனால் உபதேசத்தைவிட ஏற்பாடு நல்லது. 1970கள், 80களில் அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்கள் பல, ஆளெடுப்பின்போது வாசிப்பவருக்கும் நடுவர்களுக்கும் இடையே திரை கட்டத் தொடங்கின. வருவது ஆணா பெண்ணா என்று காலணிச் சத்தம் காட்டிக்கொடுக்கும் என்று சில இடங்களில் தரையில் கம்பளம்கூட விரித்தார்கள். நடுவர்களைத் திருத்த முயலவில்லை, கண்ணுக்கு ஒரு திரை போட்டார்கள். நீங்களும் செய்யலாம். வேலையின் ஒரு துண்டைச் செய்து அனுப்பச் சொல்லி, பெயரையும் படத்தையும் மறைத்துவிட்டு முதலில் அதற்கு மதிப்பெண் போடுங்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள். இது எரிச்சலூட்டும், உங்கள் அனுபவத்தை அவமதிப்பதுபோல இருக்கும். இன்னொன்று, என் சொந்த யோசனை: அவ்வப்போது ஒருவரையாவது, செய்து அனுப்பிய வேலை ‘வேண்டும்’ என்றும் உங்கள் கண் ‘வேண்டாம்’ என்றும் சொல்லும் ஆளாகப் பார்த்து எடுங்கள். கண் என்ன சொன்னது என்பதை அன்றே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, உறையில் ஒட்டி வையுங்கள். ஒரு வருடம் கழித்துப் பிரியுங்கள். அப்போது கிடைக்கும் கணக்கை, அது எட்டோ நான்கோ, நான் நம்புவேன்.

வீட்டுச் சண்டையில் நான் தலையிட முடியாது. ஆனால் உங்கள் மகள் அந்தப் பெண்ணை நல்லவள் என்று வாதாடவில்லை, கவனித்தீர்களா? பேசவே இல்லையே என்று மட்டும்தான் சொன்னாள். அந்தத் தோழி உண்மையிலேயே சரியில்லாதவளாக இருக்கலாம். கழுத்தும் முடியும் அதைச் சொல்லாது என்பதோடு சரி, மறுத்தும் சொல்லாது. இனி வந்தால், வருவாளா என்பதே சந்தேகம்தான், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். அதற்குப் பிறகும் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.