ரோபோ போட்டியையும் ஆசிரியர் பயிற்சியையும் எங்கே முடிச்சுப் போடுவது?

கேள்வி: எங்கள் மாணவர்கள் ஆண்டுதோறும் ரோபோ போட்டிக்குப் போகிறார்கள். ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சியும் கொடுக்கிறோம். ஆனாலும் வகுப்பில் ஒன்றும் மாறவில்லை. இரண்டையும் எப்படி இணைப்பது?

பதில்: இரண்டு நாள் பயிற்சியில் ஆசிரியர்கள் கையேட்டைப் பார்த்து ரோபோவைப் பூட்டுவார்கள், அது ஓடும், கைதட்டிக் கலைவார்கள். மாணவர்கள் மல்லுக்கட்டுவதோ ஓடாத ரோபோவோடு. ஆசிரியருக்கும் அதில்தான் பழக்கம் வேண்டும். எனவே பயிற்சியை உடைத்து, போட்டி விதிமுறை வெளியான நாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்றாக, தலா 90 நிமிடம், ஆறு அமர்வுகள் வையுங்கள். மூன்று பேருக்கு ஒரு ரோபோ; அதற்கு மேல் போனால் மற்றவர்கள் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

முதல் அமர்வுக்கு ஒரே வேலை: ரோபோ 1 மீட்டர் போய் நிற்க வேண்டும். முதலில் ‘இத்தனை விநாடி ஓடு’ என்று நிரல் எழுதி, பத்து முறை ஓட்டி, நின்ற இடத்தில் எல்லாம் டேப் ஒட்டச் சொல்லுங்கள். வேகத்தைத் தானே சரிசெய்துகொள்ளாத மோட்டார் என்றால், பேட்டரி இறங்க இறங்க டேப் துண்டுகள் பின்வாங்கிக்கொண்டே வரும். அடுத்து சுழற்சிக் கணக்கு: விநாடிக்குப் பதில் ‘சக்கரம் இத்தனை சுற்று சுற்று’ என்று நிரல் எழுதுவது. சக்கர விட்டம் 5.6 செ.மீ. என்றால் சுற்றளவு சுமார் 17.6 செ.மீ.; 100ஐ அதால் வகுத்தால் 5.68 சுற்று. இப்போது துண்டுகள் நெருங்கிவிடும். அப்படியும் மிஞ்சும் பிழைக்குப் பெரும்பாலும் சக்கரம் வழுக்குவதே காரணம். சராசரி, வீச்சு நடத்தும் கணித ஆசிரியருக்கு இந்தப் பத்து அளவுகளே தயார் பாடம்.

இரண்டாவது அமர்வு ஒளி சென்சாருக்கு: தரையில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து, வெள்ளைத் தரையில் கறுப்புக் கோட்டை ரோபோ பின்தொடர உதவுவது இதுதான். வகுப்பறையில் கறுப்பு 8, வெள்ளை 62 என்று வந்தால் நடுமதிப்பு 35ஐ, அதற்குக் கீழே என்றால் கறுப்பு என்று, நிரலிலேயே எழுதிவிடுவார்கள். போட்டி அரங்க விளக்கொளி சென்சாருக்குள் புகுந்து கறுப்பே 38 காட்டினால், ரோபோவுக்குக் கோடு என்ற ஒன்றே இல்லை! ஜன்னலைத் திறந்து இதை வேண்டுமென்றே நடக்கவிடுங்கள். சென்சாரைச் சுற்றி மறைப்பு, ஓடும் முன் இரு நிறத்தையும் அளக்கும் சிறு நிரல் என்று தீர்வை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

மீதி நான்கு அமர்வுகளும் மாணவர் அணியோடு. ஒருவர் வழிகாட்ட, இன்னொரு ஆசிரியர் 15 நிமிடம் ஓரமாக உட்கார்ந்து இரண்டை மட்டும் எண்ணட்டும்: ஆசிரியர் கை ரோபோவில் பட்ட தடவைகள், விடையைச் சொல்லிவிட்ட தடவைகள். எண்ணிக்கையைப் பார்த்துப் பலரும் திகைப்பார்கள். ஃபர்ஸ்ட் லெகோ லீக், வேர்ல்ட் ரோபோட் ஒலிம்பியாட் என்ற சர்வதேச மாணவர் ரோபோ போட்டிகள் இரண்டிலுமே கட்டுமானமும் நிரலும் மாணவர்களுடையதாக இருக்க வேண்டும் என்பது விதி. ‘பத்தில் எத்தனை முறை தவறியது, எந்த இடத்தில்?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் இங்கே கற்க வேண்டிய கடினமான திறன்.

முடிந்தால் வேறொரு போட்டியில் ஆசிரியரை நடுவர் தன்னார்வலராக அனுப்புங்கள். மதிப்பீட்டுப் படிவத்தை வைத்து முன்பின் அறியாத அணியைக் கேள்வி கேட்பது, வகுப்பில் செயல்திட்டங்களுக்கு மதிப்பெண் போடும் விதத்தையே மாற்றும்.

ஒரே ஆசிரியரை, அதுவும் கணினி ஆசிரியரை மட்டும், தயார் செய்யாதீர்கள். அவர் மாறுதலாகிப் போனால் எல்லாம் அவரோடு போய்விடும். போட்டி முடிந்த இரண்டு வாரத்துக்குள், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அணியில் இல்லாத மாணவர்களுக்கு அணியின் சோதனைக் குறிப்பேட்டை வைத்து ஒரு பாடம் நடத்த வேண்டும். அதுவரை ரோபோவைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.