சாப்பாட்டு அறைக்கு என்ன நிறம்? கேளுங்கள், சொல்கிறேன்

சாப்பிடும் இடத்தின் பெயின்ட், விளக்கு, மேசை இந்த மூன்றைப் பற்றி மட்டும் கேளுங்கள். எந்த நிறம் யாருக்கு ராசி என்பதெல்லாம் என் துறை இல்லை.

கே: அக்கா, சாப்பாட்டு அறைக்கு ஆரஞ்சு அடிக்கலாமா?

அடிக்கலாம். ஆனால் அங்கே என்ன பல்பு எரிகிறது என்று முதலில் பாருங்கள். பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண் போட்டிருக்கும். 2700 என்றால் மஞ்சள் சாய்ந்த வெளிச்சம், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. எண் கூடக் கூட வெளிச்சம் குளிர்ந்துபோகும், பலர் இதைத் தலைகீழாக நினைத்து வாங்கிவிடுகிறார்கள். அதே ஆரஞ்சு 2700இல் கனிந்து தெரியும், 6500இல் வெளிறிப்போய் நிற்கும். அப்புறம் சிஆர்ஐ, அதாவது பொருள்களின் நிறத்தைப் பல்பு எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்று சொல்லும் எண், 90க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் எட்டு வெளிர் நிறங்களை வைத்துப் பார்த்த சராசரி, அடர் சிவப்புக்கு அதில் இடமே இல்லை. அதனால்தான் 80 போட்ட பல்புக்குக் கீழே தக்காளி பல நேரம் நேற்று நறுக்கியது மாதிரி சோர்ந்து தெரிகிறது. பல்பை மாற்றிவிட்டு, பிறகு பெயின்ட் வாங்குங்கள்.

கே: ஐந்து பேர். மேசை 180 செ.மீ. நீளம். நடுவில் பாத்திரம் வைத்தால் ஓரத்தில் இருப்பவர் எழுந்து வந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

நல்ல கேள்வி. பகிர்ந்து சாப்பிடுகிற வீட்டுக்கு நீள மேசை சரிப்படாது. கோடியில் இருப்பவருக்கு நடுப் பாத்திரம் 90 செ.மீ. தள்ளி இருக்கிறது, கை எட்டாது, மூன்று கை மாறித்தான் போய்ச் சேரும். 120 செ.மீ. விட்டமுள்ள வட்ட மேசை போடுங்கள். சுற்றளவு ஏறக்குறைய 377, ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 75. இடிபடாமல் உட்கார 60 போதும். நடுப்புள்ளி எல்லோருக்கும் சரியாக 60 தூரம், உட்கார்ந்தபடியே எடுக்கலாம். நாற்காலியை இழுத்து எழ, மேசை விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே 90 விடுங்கள். தொங்கு விளக்கு மேசைப் பரப்பிலிருந்து 75 முதல் 90 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். போட்டுவிட்டு எதிரில் இருப்பவரின் முகம் மறைகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள், நின்றுகொண்டு பார்க்காதீர்கள்.

கே: இளமஞ்சள் ஒத்துவருமா?

பல்பு. மேலே பாருங்கள்.

கே: சிவப்பு சுவர் பசியைத் தூண்டும் என்கிறார்களே?

என்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லியே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

கே: அதெப்படி? உணவகங்கள் எல்லாம் சிவப்பாகத்தானே இருக்கின்றன, சும்மாவா அடிக்கிறார்கள்?

சிவப்பு தூரத்திலிருந்து கண்ணில் படும், அதற்காகவும் அடிப்பார்கள். சாலையில் போகிறவரை நிறுத்துவது வேறு, உட்கார்ந்தவரைக் கூடச் சாப்பிட வைப்பது வேறு. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சிவப்புத் தட்டில் வைத்த நொறுக்குத்தீனியை மக்கள் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள்.

கே: அது தட்டு. நான் கேட்டது சுவர்.

சரி, ஒப்புக்கொள்கிறேன், தட்டை வைத்துச் சுவருக்குத் தீர்ப்பு எழுத முடியாது. அதையேதான் நானும் சொல்கிறேன், உணவகத்தின் பெயர்ப் பலகையை வைத்தும் எழுத முடியாது. என் வீட்டில் செங்கல் சிவப்பு அடித்தேன். பகலில் பிரமாதம். இரவு மங்கலான வெளிச்சத்தில் குகை. வெளிச்சம் குறையும்போது நம் கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் கறுக்கும், நீலம் அவ்வளவு சீக்கிரம் கறுக்காது. இரவில் சேர்ந்து சாப்பிடுகிற வீடென்றால் அடர் சிவப்பை ஒரு சுவரோடு நிறுத்துங்கள். பசிக்கு நான் பொறுப்பில்லை.

கே: சிவப்பு மூன்று கோட் அடித்தும் திட்டுத் திட்டாக இருக்கிறது. பெயின்ட் மட்டமா?

பெயின்டைத் திட்டாதீர்கள். பளிச் சிவப்பு நிறமிகள் பலவும் ஒளியை ஊடுருவ விடுபவை, அடியில் இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். சாம்பல் நிறப் பிரைமர் ஒன்று அடித்திருந்தால் இரண்டு கோட்டில் முடிந்திருக்கும்.

கே: பீச் நிறம் ஷேடு கார்டில் அழகாக இருக்கிறது, வாங்கிவிடவா?

வாங்காதீர்கள். விரல் அகல அட்டையைப் பார்த்து முடிவெடுத்தால், நாலு சுவரில் ஏறும்போது அது எதிர்பார்த்ததைவிடப் பளிச்சென்று நிற்கும், சுவர்கள் ஒன்றின் நிறத்தை இன்னொன்றின் மேல் வீசிக்கொள்ளும். பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, காயவிட்டு, நீங்கள் சாப்பிடும் நேரத்தில் அந்த விளக்கிலேயே வைத்துப் பாருங்கள்.

கே: டெரகோட்டா?

பல்பு, அட்டை. இந்த இரண்டையும் படித்துவிட்டு வாருங்கள், தயவுசெய்து.

கே: வாடகை வீடு, சுவரைத் தொடவே கூடாது என்கிறார் வீட்டுக்காரர்.

சுவரை விடுங்கள். மேசை மேல் வெளிர் ஆரஞ்சோ மணல் நிறமோ ஒரு விரிப்பு போடுங்கள். மேலிருந்து விழும் வெளிச்சம் அதில் பட்டு எழும்பி, உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தில்தான் முதலில் விழும். பல்பையும் 2700க்கு மாற்றுங்கள். பழைய பல்பைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் வைத்திருந்தால், காலி பண்ணும்போது அதையே மாட்டிவிட்டு உங்களுடையதைக் கையோடு கொண்டுபோகலாம்.