விளைச்சலும் குறையக் கூடாது, மண்ணும் நீரும் கெடக் கூடாது: இரண்டும் ஒன்றாக நடக்குமா?

உரமும் மருந்தும் இல்லாவிட்டால் எல்லோருக்கும் உணவு கிடைக்காது என்கிறார்கள், போட்டால் மண்ணும் நீரும் பாழாகிறது என்கிறார்கள், இதில் எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் கேள்வி. நான் நெல்லும், நெல் அறுத்த பின் பயறும் பயிரிடுகிறவன். எனக்குத் தெரிந்த வரை, எதை விட்டுக்கொடுப்பது என்ற பேச்சை எடுப்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் பார்த்தாக வேண்டும். நாம் வயலில் கொட்டியதில் எவ்வளவு பயிருக்குள் போனது?

தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, எடுத்துக்கொள்ளுங்கள். உலக அளவில் பயிருக்கு இடும் தழைச்சத்தில் பாதிக்கும் குறைவுதான் அறுவடையோடு களத்துக்கு வருகிறது. மிச்சத்தில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும். ஒரு பங்கு நைட்ரேட்டாகக் கரைந்து கிணற்றிலும் ஆற்றிலும் சேரும். கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாக மாறும். அந்த வாயு நூறு ஆண்டுக் கணக்கில், அதே எடை கரியமில வாயுவைப் போலச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். மிசிசிப்பி ஆறு வயல்களிலிருந்து அடித்துக்கொண்டு போகும் சத்தால் மெக்சிகோ வளைகுடாவில் கோடைதோறும் பாசி பெருகுகிறது. அது செத்து அடியில் அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. 2017இல் அப்படி மூச்சு முட்டிய கடற்பரப்பு 22,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அந்தக் கடலில் கலந்ததில் ஒரு பெரிய பங்கு, யாரோ காசு கொடுத்து வாங்கி, பயிர் சாப்பிடாமல் விட்ட உரம். அதைக் குறைத்தால் யாருடைய தட்டிலும் ஒரு பருக்கை குறையாது.

அதற்காக உரமே கூடாது என்று சொல்ல மாட்டேன். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கும் வழியை ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதை 1913இல் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனார். இன்று உலகில் ஏறக்குறைய பாதிப் பேர் சாப்பிடுவது அந்த உரத்தால் விளைந்ததைத்தான். இலங்கை 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தியது. நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது, அரிசியை வெளியிலிருந்து வாங்க வேண்டி வந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. இயற்கை உரத்துக்கு மண் பழக வருடங்கள் ஆகும். தேவையான அளவு தொழுவுரமும் தழையும் ஒரே பருவத்தில் எங்கிருந்து வரும்? நோக்கம் நல்லதாக இருக்கலாம், ஆனால் அதன் சுமை முழுவதும் பயிர் செய்தவர்கள் தலையில் விழுந்தது. எனக்கு அது இன்றும் ஆறாத வருத்தம்.

சரி, உரத்தைக் குறைத்தும் விளைச்சலைக் கூட்டிய இடம் உண்டா? உண்டு. சீனாவில் 2005 முதல் 2015 வரை சுமார் 2 கோடி சிறு விவசாயிகளோடு சேர்ந்து நெல், கோதுமை, மக்காச்சோளத்தில் செய்து பார்த்தார்கள். அந்தந்த மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ற ரகம், நடவு நெருக்கம், உரத்தைப் பிரித்துப் போடும் நாள் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். விளைச்சல் சுமார் 11 சதவீதம் கூடியது. தழைச்சத்து 15 முதல் 18 சதவீதம் வரை குறைந்தது.

என் வயலில் இதற்கு உதவுவது ஒரு சிறிய பிளாஸ்டிக் அட்டை, இலை வண்ண அட்டை என்பார்கள். வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள் இருக்கும். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், வெயில் விழாமல் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முழுதாக விரிந்த இளம் இலையை அட்டையின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து இலை பார்த்து, அதில் குறைந்தது ஆறு இலை அந்த ரகத்துக்குச் சொன்ன பட்டையின் நிறத்தைவிட வெளிறியிருந்தால் மேலுரம் போடலாம், இல்லையென்றால் காத்திருக்கலாம். அவ்வளவுதான். ஆனால் பக்கத்து வயல் கருகருவென்று இருக்கும்போது காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு மூட்டை கூடுதலாகப் போடுவது பேராசையால் வருவதில்லை, பயத்தால் வருகிறது. விளைச்சல் குறைந்தால் அந்த வருடம் முழுவதும் குடும்பம் தாங்க வேண்டும், உரம் அதிகமானால் நட்டம் ஆற்றுக்கு. இந்த இடத்தைப் புரிந்துகொள்ளாமல் விவசாயிக்கு அறிவுரை சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும்.

அதே பயத்தில் நானும் மாட்டியிருக்கிறேன். பயிர் வைக்க ஆரம்பித்த இரண்டாம் வருடம், நட்டு மூன்று வாரத்தில் இலைச்சுருட்டுப் புழு தெரிந்தது. மருந்துக் கடையில் கொடுத்ததை இரண்டு முறை அடித்தேன். புழு போனது, வயல் பளிச்சென்று இருந்தது. கதிர் வந்த பிறகு நடு வயலில் ஒரு வட்டம் காய்ந்தது. நான்கு நாளில் அது நான்கு வட்டமானது. தூரை விலக்கிப் பார்த்தால் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டு தெரியாத அளவுக்குப் புகையான், பயிரின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி. ஒரே ஒரு சிலந்தி கூட இல்லை. மருந்தே அடிக்காத அடுத்த வயலில் இரண்டு தூருக்கு ஒரு சிலந்தி ஓடியது, பயிரும் நின்றது.

காரணம் பின்னால்தான் புரிந்தது. புகையான் தன் முட்டையை இலையுறைக்குள் வைக்கும். மருந்து அங்கே போகாது. வெளியே இருக்கும் ஓநாய்ச் சிலந்தியும், முட்டையை உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்துப்போகும். ஒரு வாரம் கழித்து முட்டை பொரிக்கும்போது தடுக்க ஆள் இருக்காது. தழைச்சத்து அதிகமான பயிர் என்றால் அந்தப் பூச்சிக்கு இன்னும் கொண்டாட்டம். இதே கதை இந்தோனேசியாவில் நாடு முழுக்க நடந்தது. 1986இல் அந்த அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் மருந்துக்கான மானியத்தையும் நிறுத்தி, வயல்வெளிப் பள்ளிகளில் விவசாயிகளுக்குப் பூச்சிகளை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தது. மருந்து வெகுவாகக் குறைந்தது, நெல் உற்பத்தி விழவில்லை. வியட்நாமின் மேகாங் கழிமுகத்தில் 1990களில் இன்னும் எளிதாகச் சொன்னார்கள்: விதைத்த முதல் 40 நாளில் இலை தின்னும் புழுவுக்கு மருந்து வேண்டாம். அந்த வயதில் பயிர் இழந்த இலையைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும்.

தண்ணீரிலும் இப்படித்தான். மனிதர் ஆற்றிலும் நிலத்தடியிலும் இருந்து எடுக்கும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. நெல்வயலில் எப்போதும் தண்ணீர் நின்றால் அடிமண்ணில் காற்றில்லாமல் மீத்தேன் உண்டாகும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது கொஞ்சம் காயவிட்டுப் பிறகு பாய்ச்சினால், தண்ணீர்ச் செலவும் மீத்தேனும் குறையும். துளை போட்ட ஒரு அடி நீளக் குழாயைப் பாதி மண்ணில் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர் தரைமட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு மடை திறந்தால் போதும். மேல்மண் வெடிக்கத் தொடங்கியிருக்கும், குழாய்க்குள் கைவிட்டால் விரல் நனையும். வேர் அங்கேதான் இருக்கிறது. பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. காய்ந்து நனையும் மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும் என்பதும் உண்மை. அதனால்தான் உரத்தின் அளவைச் சரிசெய்யாமல் தண்ணீரை மட்டும் சரிசெய்வதில் எனக்குத் திருப்தி இல்லை.

நெல்லுக்குப் பிறகு பயறு விதைப்பதும் இதற்காகத்தான். பூக்கும் நேரத்தில் ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்து இறங்கிக்கொண்டிருக்கிறது. பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை.

இதையெல்லாம் செய்த பிறகும் உண்மையான மோதல் மிச்சம் இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. முழு இயற்கை முறையில் சராசரி விளைச்சல் சுமார் 20 சதவீதம் குறைவு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதே அளவு தானியம் வேண்டுமென்றால் கூடுதல் நிலம் வேண்டும். பூமியில் உயிர் வாழத் தகுந்த நிலத்தில் பாதி ஏற்கெனவே விவசாயத்திடம் இருக்கிறது, கூடுதல் நிலம் என்றால் காடுதான். மறுபக்கம், விளைச்சல் கூடினால் காடு தானே பிழைத்துவிடும் என்பதையும் நான் நம்பவில்லை. லாபம் கூடிய பயிரைத்தான் காட்டை வெட்டியும் வைப்பார்கள், காட்டுக்குத் தனியாகச் சட்டக் காவல் வேண்டும். அப்புறம், ஆற்றோரம் ஒரு பட்டை நிலத்தை மரத்துக்கும் புல்லுக்கும் விடச் சொன்னால் விளைச்சல் குறையத்தான் செய்யும். அங்கே விட்டுக்கொடுப்பு உண்டு. ஆறு எல்லோருக்கும் பொது என்றால் அந்தப் பட்டையின் விளைச்சலுக்கான ஈட்டையும் எல்லோரும் சேர்ந்து கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் எத்தனையோ பேர் சந்தோஷமாக விடுவார்கள், நானும் விடுவேன்.

நீங்கள் பயிர் செய்பவராக இருந்தால் முழு வயலையும் ஒரே பருவத்தில் மாற்றாதீர்கள். ஒரு பாத்தியை மட்டும் தனியாக விடுங்கள். அங்கே முதல் 40 நாள் மருந்து வேண்டாம், மேலுரம் அட்டை சொன்னால் மட்டும். வாரம் ஒரு நாள் காலையில், பனி காய்வதற்கு முன், அந்தப் பாத்தியில் பத்துத் தூரையும் பக்கத்துப் பாத்தியில் பத்துத் தூரையும் அடிவரை விலக்கி, புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். அறுவடையின்போது இரண்டு பாத்தியின் நெல்லையும் தனித்தனியாக எடை போடுங்கள்.