பிளாட்பெட் கேம்பரா, பிக்கப் தொட்டிக்குள் உட்காரும் கேம்பரா: நம்ம மலைக்கு எது சரி?

வாசகர் ஒருவர் கேட்ட கேள்வி சுருக்கமாக இது: "நானும் மனைவியும் மட்டும்தான். கோத்தகிரி பக்கம் சின்னதாகத் தோட்டம். டபுள் கேப் (இரண்டு வரிசை சீட்) இசுசு வி-கிராஸ் பிக்கப் வாங்கி அதன் பின் தொட்டிக்குள் ஒரு கேம்பரை, அதாவது படுத்துச் சமைத்துத் தங்குகிற பெட்டியை, உட்கார வைக்கலாமா, இல்லை தொட்டியையே கழற்றிவிட்டு பிளாட்பெட் (தட்டைத் தளம்) போட்டு அதன்மேல் வைக்கலாமா? நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை என்று மலையில்தான் சுற்றுவோம். மற்ற நாளில் வண்டி தோட்ட வேலைக்கும் வேண்டும்."

பிளாட்பெட். ஆனால் வி-கிராஸின் தொட்டியைக் கழற்றி வேண்டாம். கம்பெனியிலிருந்தே தட்டைத் தளத்தோடு வரும், ஒரே வரிசை சீட்டுள்ள சிங்கிள் கேப் பிக்கப் ஒன்றை வாங்குங்கள். நான் குன்னூர்க்காரன், காய்கறி லோடு அடிக்கிற அதே பிக்கப்பில்தான் கேம்பர் பெட்டியையும் ஏற்றி இறக்குகிறேன், அதனால் எந்தப் பக்கம் என் மனசு சாயும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பார்க்கும் வீடியோக்கள் எல்லாம் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ எடுத்தவை. அமெரிக்காவில் முழு அளவு பிக்கப்பின் தொட்டிக்குள் இரண்டு சக்கர மேடுகளுக்கும் நடுவே கிடைப்பது சுமார் 4 அடி அகலம். அதற்குள் இறங்குகிற மாதிரி கேம்பரின் அடிப்பகுதியைக் குறுக்கிக் கட்டி, தொட்டியின் விளிம்புக்கு மேலே போன பிறகுதான் அகலப்படுத்துகிறார்கள். நிற்கிற இடம், நடக்கிற இடம் எல்லாம் அந்த ஒடுங்கின பள்ளத்துக்குள்தான். இது பிடிக்காமல்தான் அங்கே ஆட்கள் நல்ல தொட்டியைக் கழற்றிப்போட்டுவிட்டுத் தட்டைத் தளம் போடுகிறார்கள், ஆஸ்திரேலியாவிலோ யூட் என்கிற பிக்கப் வண்டிகளில் தட்டைத் தளம் என்பது சர்வ சாதாரணம். நம்மூரில் தோஸ்த், பொலிரோ பிக்கப் மாதிரி லோடு வண்டிகளில் சக்கரம் தளத்துக்கு அடியில் போய்விடுகிறது, மேலே சக்கர மேடு என்ற பேச்சே இல்லை. இசுசு டி-மேக்ஸிலும் சிங்கிள் கேப், ஃபிளாட் டெக் ரகம் உண்டு. அவர்கள் பெரிய செலவு செய்து மாற்றிக்கொள்வது நமக்கு ஷோரூமிலேயே கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு ஒரு சொகுசு டபுள் கேப்பை வாங்கி அறுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

அதைவிட முக்கியம் எடை. எந்த வண்டியைப் பார்த்தாலும் ஆர்.சி.யில் இரண்டு எண்களைப் பாருங்கள்: மொத்த எடை, காலி எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குள்தான் நீங்கள், உங்கள் மனைவி, பெட்டி, தண்ணீர், அடுப்பு, அரிசி பருப்பு எல்லாம் அடங்க வேண்டும். சொகுசு டபுள் கேப் பிக்கப்புகளில் அது சில நூறு கிலோவோடு நின்றுவிடும். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. வீட்டு சிலிண்டர் ஒன்றில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் 30 கிலோ பக்கம். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற டியூபுலர் பேட்டரியைத் தூக்கி வைத்தால் இன்னொரு 50 கிலோ. பெட்டிக்கு ஒரு ஆணி அடிப்பதற்கு முன்னாலேயே கணக்கு முடிந்துபோகும். பொலிரோ பிக்கப்பில் 1.3டி, 1.7டி என்று பெயரிலேயே டன் கணக்கு இருக்கிறது. அங்கே 500, 600 கிலோ பெட்டி ஏற்றினாலும் ஸ்பிரிங் பட்டை முனகாது.

டபுள் கேப்பில் இன்னொரு தொல்லை. தொட்டி 5 அடிதான் இருக்கும். ஆள் படுக்க வேண்டுமே என்று கேம்பரைப் பின்னால் நீட்டினால் எடை பின் ஆக்சிலைத் தாண்டிப் போகும், முன்சக்கரம் லேசாகும். சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. பர்லியார் தாண்டி ஏறும்போது, ஈர ரோட்டில், கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்த பிறகும் வண்டி அரை மனதோடு திரும்பினால் அப்போது தெரியும். சிங்கிள் கேப்பில் தளமே 8, 9 அடி நீளம் கிடைப்பதால் தண்ணீர் டேங்கைக் கேப்புக்குப் பின்னால் ஒட்டி, ஆக்சிலுக்கு முன்னால் வைத்துவிடலாம். இரண்டே பேர் என்கிறீர்கள், பின் சீட் உங்களுக்கு எதற்கு?

பிளாட்பெட்டில் குறை இல்லாமல் இல்லை. தளம் சக்கரத்துக்கு மேலே இருப்பதால் பெட்டியின் தரையே உயரத்தில் ஆரம்பிக்கிறது, தொட்டி வண்டியில் அது இன்னும் கீழே இருக்கும். உயரம் கூடினால் வளைவில் சாய்வதும் கூடும், எஸ்டேட் ரோடுகளில் சில்வர் ஓக் கிளை கூரையை உரசும். அதனால் எடையுள்ள எதையும் மேலே கட்டாதீர்கள். தளத்துக்கு அடியில், சேஸியின் பக்கவாட்டில் இரும்புப் பெட்டி அடித்து பேட்டரி, கருவிகள், ஜாக்கி எல்லாவற்றையும் அங்கே இறக்கிவிடுங்கள். தொட்டி வண்டியில் இந்த வசதி கிடையாது. பெட்டியின் அகலம் தளத்தின் அகலத்தைத் தாண்டவே கூடாது. மலையில் எதிரே அரசு பஸ் வந்தால் நாம்தான் ஓரம் கட்ட வேண்டும், அந்த நேரத்தில் அரை அடி என்பது பெரிய விஷயம்.

கதவு. தொட்டிக்குள் உட்காரும் கேம்பருக்கு அநேகமாகப் பின்னால்தான் கதவு. சேறு முழுக்க அங்கேதான் அடிக்கும். பிளாட்பெட்டில் பக்கவாட்டில் வைக்கலாம், ஆனால் அமெரிக்கப் படத்தை அப்படியே பட்டறைக்காரரிடம் காட்டிவிடாதீர்கள். அவர்கள் வலதுபுறம் ஓட்டுகிறவர்கள், அதனால் ஓரப் பக்கமான வலதில் கதவு வைக்கிறார்கள். இங்கே அதே மாதிரி வைத்தால் கதவைத் திறந்து நேராக ரோட்டில் காலை வைப்பீர்கள். நமக்கு இடதுபுறம்.

வேலை வண்டி என்ற கணக்கில் பார்த்தாலும் தட்டைத் தளம்தான். பக்கப் பலகைகளை இறக்கிவிட்டால் கேரட் மூட்டையை மூன்று பக்கமும் நின்று ஏற்றலாம். பெட்டிக்கு நான்கு மூலையிலும் கால் வைத்து, ஜாக்கியில் தூக்கிவிட்டு வண்டியை அடியிலிருந்து உருவிக்கொள்ளும்படி அடிக்கச் சொல்லுங்கள். ஜாக்கி நிற்கிற இடம் மட்டும் சமதளமான கான்கிரீட்டாக இருக்கட்டும், நம் பக்கத்துச் செம்மண் மழையில் இளகிவிடும். பாடி கட்டுகிற கை கரூரிலும் நாமக்கல்லிலும் நிறைய இருக்கிறது. மரப் பலகையை விட்டுவிட்டு அலுமினிய சட்டமும் பஃப் (நுரை அடைத்த) பேனலும் கேளுங்கள், எடையும் குறையும், குளிரும் தாங்கும். வெறும் தகரம் என்றால் டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் உறைபனி விழுகிற இரவில் உங்கள் மூச்சுக்காற்றே உள்ளே நீராகப் படிந்து, விடிகிற நேரத்தில் போர்வைமேல் சொட்டும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. தொட்டியைக் கழற்றுவது அந்த வம்புக்குள் போகும் வேலை. கேரவன் என்றே பதிவு செய்ய வேண்டுமானால் ஏ.ஐ.எஸ். 124 என்ற வாகனத் தரநிலைச் சான்று, அது தனி அலைச்சல். கழற்றி இறக்கக்கூடிய பெட்டியைக் கட்டி எடுத்துப்போவதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மஞ்சள் போர்டு என்றால் எஃப்.சி. (தகுதிச் சான்று) வேலை உண்டு. ஓடுகிற வண்டியில் பெட்டிக்குள் யாரும் உட்காரக்கூடாது, உறவுக்காரர்கள் எவ்வளவு கெஞ்சினாலும்.

தொட்டி கேம்பருக்கு நான் ஓட்டுப் போடுகிற இடம் ஒன்றுதான்: கையில் ஏற்கெனவே வி-கிராஸோ டொயோட்டா ஹைலக்ஸோ இருக்கிறது, விற்க மனசில்லை, வருஷத்தில் சில நாள்தான் வெளியே தங்குவீர்கள் என்றால். அப்போது கூரை எழும்பும் ரகமாக, மிக லேசாக, சமையலை வெளியே வைத்துக்கொள்வது மாதிரி எடுங்கள். கூரை எழும்பும் ரகத்தில் மேல் பாதி துணிதான். கோத்தகிரியில் உங்களுக்கே தெரியும், எண்ணெய் வாசனைக்குக் கரடி கடைக் கதவையே பெயர்க்கிறது. துணிச் சுவருக்குள் எண்ணெயும் பழமும் வைத்துக்கொண்டு தூங்க நான் சம்மதிக்க மாட்டேன். எந்த ரகமாக இருந்தாலும் காட்டோர ரோட்டில் நிறுத்தித் தங்க வனத்துறை விடாது, தெரிந்தவர் தோட்டமோ தங்கும் விடுதியின் வளாகமோ பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே வைப்பது மட்டும் கூடவே கூடாது. கொடைக்கானலில் மூடிய அறைக்குள் அப்படித் தூங்கினவர்கள் எழுந்திருக்கவில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மூடவே முடியாத காற்றுத் துளை வைக்கச் சொல்லுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டியை வைத்திருக்கிற யாரிடமாவது ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். 45 கிலோ யூரியா மூட்டை ஒரு பத்து ஏற்றி, எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டு, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி திரும்ப ஏறுங்கள். இரண்டாவது கியரில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் இறங்க முடிகிறதா, ஏறும்போது வளைவில் முன்பக்கம் தூக்குகிறதா என்று கவனியுங்கள். மூட்டை தாழ்வாகக் கிடக்கும், கேம்பர் உயரமாக நிற்கும், அதனால் அப்போது தெரிகிற ஆட்டம் பிறகு இன்னும் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி முடிவானதும் ஆர்.சி.யின் அந்த இரண்டு எண்களையும் தளத்தின் நீள அகலத்தையும் பின்னூட்டத்தில் போடுங்கள், டேங்க், படுக்கை எங்கே வரலாம் என்று படம் போட்டுத் தருகிறேன்.